டவர் கரண்ட் என்று நம்பியது சர்வீஸ் ஒயர் கரண்ட்: ஒரு வீட்டு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைப் புறநகரில் ஒரு மாடி வீடு. ஓய்வுபெற்ற கணவர், மனைவி, மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் பேரன். பெயர்கள் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள், அதனால் பெரியவர், மகன் என்றே எழுதுகிறேன். பெரியவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். கை வேலை சுத்தம், சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும், எலெக்ட்ரானிக்ஸ் என்று தனியாகப் படித்ததில்லை.

எல்லாம் ஆரம்பித்தது கரண்ட் பில்லில். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மொத்தக் கணக்கும் வேறு ஸ்லாபுக்குப் போய்விடும் என்பது தமிழ்நாட்டில் ஏசி வாங்கிய எல்லா வீட்டுக்கும் தெரியும். இவர்கள் வீட்டில் கோடையில் அது வழக்கமாகிவிட்டது. இதே சமயம் இரண்டு வீடு தள்ளி ஒரு மாடியில் மொபைல் டவர் வந்தது. மருமகளுக்கு டவர் கதிர்வீச்சைப் பற்றிப் பயம், ஃபோனில் வரும் செய்திகளெல்லாம் அந்தப் பயத்தை ஊதிவிட்டன. பெரியவர் அதையே வேறு பக்கத்திலிருந்து யோசித்தார்: உடம்பைக் கெடுக்கிற அளவுக்கு அதில் சக்தி இருக்கிறது என்றால், ஒரு பல்பாவது எரியணுமே? கேள்வியில் தப்பே இல்லை. பதில் தேடிப் போன இடம்தான் தப்பு. ‘காற்றிலிருந்து மின்சாரம்’ வீடியோக்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் இணையத்தில் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கினார். பெட்டியில் விஞ்ஞானி டெஸ்லாவின் படம், பின்னால் மின்னல். வைஃபை, மொபைல் டவர், ரேடியோ அலை எல்லாவற்றையும் மின்சாரமாக்கும் என்று அச்சடித்திருந்தது. உள்ளே ஒரு சின்ன போர்டு, ஒரு சுருள் ஒயர், எர்த்துக்கு ஒரு செம்புக் கம்பி.

கட்டினார், எல்இடி மின்னியது. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ‘பளிச்’ என்று ஒரு மின்னல், அவ்வளவுதான், ஆனால் மின்னியது. இன்னும் பத்து கிட் வாங்கி வீட்டு விளக்குகளை மாற்றிவிடலாம் என்று அவர் கணக்குப் போட ஆரம்பித்ததும் மகன் என்னைக் கூப்பிட்டார். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்தான் தொழில். இந்த மாதிரி கிட்களோடு ஆட்கள் வருவது புதிதில்லை.

போனபோது இருந்த நிலை

இது ஏமாற்று வேலைதான் என்று முடிவு கட்டிக்கொண்டு போய், போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்த பட்டன் செல்லைத் தேடுவதுதான் பலர் செய்வது. இங்கே செல் எதுவும் இல்லை. எல்இடி நிஜமாகவே வெளியிலிருந்து வரும் ஏதோ ஒரு சக்தியால் மின்னிக்கொண்டிருந்தது. எது என்பதுதான் கேள்வி.

மாடிக்குப் போய் ஒயர் போகும் வழியைப் பார்த்தேன். தண்ணீர் டேங்கில் ஒரு முனை. அங்கிருந்து மாடிச் சுவரை ஒட்டி முன்பக்கம் வந்து, போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் இபி சர்வீஸ் ஒயரைத் தாங்குகிற அதே ஜிஐ பைப்பில் கட்டி, சர்வீஸ் ஒயரோடு ஒட்டி உரசி இறங்கி வீட்டுக்குள் போகிறது. பெரியவர் வேண்டுமென்று செய்யவில்லை, கட்டுவதற்கு வாகாக அங்கே ஒரு பைப் இருந்தது, கட்டிவிட்டார். பக்கத்திலேயே துணி காயப்போடும் கம்பி.

ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துக் காட்டினார். 68 வோல்ட்.

“எழுபது வோல்ட் வருது பாருங்க தம்பி. இன்னும் ரெண்டு மூணு செட் சேர்த்தா இருநூத்து முப்பது ஆயிடும்ல?”

“சார், ஒரு நிமிஷம். இதுல சின்னதா ஒரு வேலை வெச்சுப் பார்க்கலாம்” என்று ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டரை மீட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே பிடித்தேன். 68 இருந்த இடத்தில் 0.7. ரெசிஸ்டரை எடுத்தால் மறுபடி 68. அவர் நாலைந்து தடவை தானே வைத்து எடுத்துப் பார்த்தார். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் மின்தடை வழக்கமாக ஒரு கோடி ஓம், அதாவது அது கிட்டத்தட்ட எதையும் இழுக்காமல் வோல்ட்டை மட்டும் காட்டும். பின்னால் சக்தி இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஒரு லட்சம் ஓமில் 0.7 வோல்ட் என்றால் கிடைக்கும் சக்தி சுமார் 5 மைக்ரோவாட். ஒரு வாட்டை இருபது இலட்சம் பாகம் போட்டால் அதில் பத்துப் பாகம்.

அடுத்து போர்டு. அதில் இருந்த டயோடுகள், அதாவது கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் உறுப்புகள், 1என்4007. வீட்டு அடாப்டரில், மிக்ஸியில், எல்இடி பல்பில் எங்கும் இருக்கும் சாதாரண பவர் டயோடு, 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸை டிசி ஆக்குவதற்கென்றே செய்தது. டவர் அலை 900 மெகாஹெர்ட்ஸ், 1800 மெகாஹெர்ட்ஸ் என்று போகும், வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தில் 1என்4007 திறந்து மூட நேரமே போதாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கடத்தும் கம்பி போலத்தான் நடந்துகொள்ளும். அந்த வேலைக்கு எஸ்எம்எஸ்7630 போன்ற, மிக வேகமாகத் திறந்து மூடும் ஷாட்கி டயோடு வேண்டும். டவர் கரண்ட் என்று விற்கிற பெட்டியில் டவர் அலையைத் தொடவே முடியாத டயோடு! எனக்கு இதைப் பார்த்ததுமே பாதி விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் டயோடு நம்பரைச் சொல்லி ஒருவரின் நம்பிக்கையை மாற்ற முடியாது.

கணக்கு

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது, மருமகளும் கூட இருந்தார்.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 270 பாதாள ரயில் நிலையங்களின் வாசலில் காற்றில் எவ்வளவு ரேடியோ சக்தி இருக்கிறது என்று அளந்து 2013இல் வெளியிட்டார்கள். அதிகம் கிடைத்தது மொபைல் டவர்களின் ஜிஎஸ்எம் 1800 (1800 மெகாஹெர்ட்ஸ்) பட்டையில், சராசரியாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 84 நானோவாட். சதுர மீட்டருக்கு மாற்றினால் 0.84 மில்லிவாட். ஒரு 9 வாட் எல்இடி பல்புக்கு, விழுவது அத்தனையையும் ஒரு துளி விடாமல் பிடித்தாலும், 10,700 சதுர மீட்டர் ஆன்டெனா வேண்டும். இவ்வளவு மெல்லிய சிக்னலை டிசி ஆக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு கைக்கு வந்தாலே நல்ல சர்க்யூட். அப்படிப் பார்த்தால் 53,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 13 ஏக்கர். ஒரே ஒரு பல்புக்கு.

“டவர் இவ்வளவு பக்கத்துல இருக்கே” என்றார் பெரியவர். சரி, அதையும் பார்ப்போம். இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் டவர் கதிர்வீச்சு வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு: 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். சட்டம் அனுமதிக்கும் உச்சம் அப்படியே இவர்கள் மாடியில் விழுகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு சதுர மீட்டரில் அரை வாட் கூட இல்லை. அதே இடத்தில் உச்சி வெயில் சுமார் 1,000 வாட். இந்த இரண்டு எண்ணையும் பார்த்தபிறகு மருமகள் டவரைப் பற்றிக் கேட்பது குறைந்தது, பெரியவர் மட்டும் பேசாமல் இருந்தார்.

வீட்டு வைஃபையிலிருந்து எடுக்கலாமே என்று மகன் கேட்டதற்குக் கணக்கே தேவையில்லை. ரவுட்டர் வெளியே விடுவது மொத்தமாக 0.1 வாட் அளவில். அதை விடுவதற்கு அது பிளக்கிலிருந்து இழுப்பது பல வாட். வீட்டு மீட்டரில் ஓடிய கரண்டைத்தான் திரும்பப் பொறுக்குவோம்.

பெரிய கம்பெனிகள் முயன்றதில்லையா என்றால், முயன்றிருக்கின்றன. 2009இல் நோக்கியாவின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் காற்று அலையிலிருந்து சில மில்லிவாட் எடுத்ததாகச் சொன்னது, 50 மில்லிவாட் வரை போவது இலக்கு என்றார்கள். 2010 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் ஆர்சிஏ, வைஃபையிலிருந்தே ஃபோன் சார்ஜ் ஆகும் என்று ‘ஏர்னர்ஜி’ என்ற பெட்டியைக் காட்டியது. உண்மையாக நடந்த உருப்படியான வேலை என்றால் 2009இல் சியாட்டிலில் இன்டெல் ஆய்வகத்தில் செய்ததைச் சொல்வேன்: 960 கிலோவாட் அலைபரப்பும் டிவி டவருக்கு 4.1 கிலோமீட்டர் தள்ளி ஆன்டெனா வைத்து 60 மைக்ரோவாட் எடுத்து, ஒரு எல்சிடி வெப்பமானியை ஓட்டினார்கள். அறுபது மைக்ரோவாட், ஆனால் நேர்மையான அறுபது.

இந்த வீட்டில் கிடைத்த 5 மைக்ரோவாட்டில் இன்றைய 5,000 மில்லி ஆம்பியர்-ஹவர் ஃபோன் பேட்டரியை நிரப்ப நானூறு வருஷத்துக்கு மேல் ஆகும். பேரனுக்கு இது மிகவும் பிடித்துப்போய் பள்ளியில் போய்ச் சொல்லியிருக்கிறான்.

ஷட்டவுன் அன்று

நல்லவேளையாக மறுநாள் அந்தப் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன், காலை ஒன்பதிலிருந்து. இதைவிட நல்ல சோதனை கிடையாது. மின்சாரம் நிற்கும், ஆனால் டவர் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் ஓடும், வானொலி நிலையமும் ஓடும். காற்றில் உள்ள ரேடியோ அலையில் எந்த மாற்றமும் இல்லை. எல்இடி தொடர்ந்து மின்னினால் பெரியவர் சொல்வது சரி, நின்றால் அது இபி லைனிலிருந்து வந்தது.

அதுவரை மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பெரியவரின் மனைவியிடம் கொடுத்தோம், துணியெல்லாம் கீழே. காரணம் அடுத்த பகுதியில்.

கரண்ட் போனதும் இன்வெர்ட்டரையும் அணைத்தோம், இல்லையென்றால் வீட்டு வயரிங்கில் மறுபடி 50 ஹெர்ட்ஸ் ஓடி சோதனையைக் கெடுக்கும். போர்டில் இருந்த, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரை ஷார்ட் செய்து காலி செய்தேன். எல்லோர் ஃபோனிலும் சிக்னல் முழுக் கோடு, டவர் ஜெனரேட்டர் சத்தம் தெருவரை கேட்டது. மீட்டரில் 68 வோல்ட் இருந்த இடத்தில் கிட்டத்தட்ட சுழியம். கால் மணி போனது, அரை மணி போனது, ஒரு மணி நேரமும் தாண்டியது. எல்இடி மின்னவே இல்லை. பெரியவர் நாற்காலியைப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே, “அப்ப இது இபி கரண்ட்தான்” என்றார்.

நடந்தது இதுதான். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு ஒயர்களும் நடுவில் உள்ள காப்பும் சேர்ந்து ஒரு சின்ன கெப்பாசிட்டர் ஆகிவிடுகின்றன. சுமார் 100 பிகோஃபாரட் இருந்தாலே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஏழு மைக்ரோஆம்பியர் அளவுக்கு மறுபக்கம் கசியும். போர்டில் உள்ள 1என்4007 அதை அழகாக டிசி ஆக்கி 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் சொட்டுச் சொட்டாக நிரப்புகிறது, மூன்று வோல்ட் வந்ததும் எல்இடியில் கொட்டிவிடுகிறது. டயோடு தப்பான டயோடு இல்லை, இந்தத் திருட்டு வேலைக்குச் சரியான டயோடுதான்.

இடையில் ஒரு கிளைக் கதை. ஷட்டவுன் நேரத்திலும் செம்பு எர்த் கம்பிக்கும் போர்வெல் ஜிஐ பைப்புக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் டிசி காட்டியது. பெரியவர் முகத்தில் மறுபடி வெளிச்சம். அது துத்தநாகமும் செம்பும் ஈர மண்ணில் சேர்ந்த பேட்டரி. இழுக்க இழுக்க பைப்பின் துத்தநாகப் பூச்சுதான் கரையும். ‘பூமியிலிருந்து இலவச மின்சாரம்’ வீடியோக்களில் பாதி இதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அந்த ஒயரை உடனே இறக்குவது. இதில் மின்சாரம் எவ்வளவு என்பது பிரச்சனையே இல்லை, ஆபத்துதான் பிரச்சனை. கிட் ஒயரின் பிவிசி காப்பு மெல்லியது, வெயிலில் வெடித்துவிடும். சர்வீஸ் ஒயர் காற்றில் ஆடும், பைப்பில் உரசும். இரண்டு காப்பும் ஒரே இடத்தில் தேய்ந்தால் முழு 230 வோல்ட் மாடி முழுக்க ஓடும் ஒரு கம்பியில் வந்து நிற்கும், துணி காயும் கம்பியைத் தொட்டால் அதிலும் வரும். ஃபியூஸ் கிடையாது. முக்கியமாக, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தாலும் சர்வீஸ் ஒயரில் கரண்ட் இருக்கும், அது மெயினுக்கு முன்னால் வருகிறது. பலருக்கு இது தெரிவதில்லை. அதனால் நாங்கள் கை வைக்கவில்லை. ஷட்டவுனுக்கு வந்திருந்த லைன்மேனைக் கூப்பிட்டோம், லைனில் கரண்ட் இல்லை என்று பார்த்து உறுதி செய்த பிறகு அவர் அறுத்து எடுத்தார். எடுத்த ஒயரில் பைப்போடு கட்டிய இடத்தில் காப்பு தேய்ந்து செம்பு பளபளத்தது. அதைப் பெரியவர் கையில் கொடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது, கிட்டைத் தூக்கி எறியாமல் இன்னொரு தடவை நியாயமாகச் சோதிப்பது. அதே போர்டு, புது ஒயர், மாடியின் பின்பக்கம், சர்வீஸ் லைனிலிருந்து விலகி, டவருக்கு இன்னும் நெருக்கமாக. கரண்ட் இருந்தது, டவர் இருந்தது. எல்இடி மின்னவில்லை. மகனுக்கு இது தேவையற்ற வேலையாகப் பட்டது. என்னைப் பொறுத்தவரை ஷட்டவுன் சோதனை அளவுக்கு இதுவும் அவசியம், இல்லையென்றால் ‘ஷட்டவுன் அன்னைக்கு டவரும் கம்மியா ஓடியிருக்கும்’ என்று ஒரு சந்தேகம் தங்கிவிடும்.

மூன்றாவது, பெரியவரின் ஆசையை அப்படியே அணைக்காமல் உண்மையான ரேடியோ அலையில் எவ்வளவு வரும் என்று அவர் கையாலேயே காட்டுவது. டவரை விட்டுவிட்டு மீடியம் வேவ் பக்கம் போனோம். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அந்தப் பகுதியில் நன்றாக விழுகிறது, அந்த அலைவரிசைக்கு நீளமான ஒயரும் சாதாரண ஜெர்மானியம் டயோடும் போதும். பின்பக்கம் இரண்டு மூங்கிலுக்கு நடுவே ஒயர், பிவிசி பைப்பில் சுற்றிய காயில், பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய, ஸ்டேஷன் மாற்றும் கேங்க் கண்டென்சர், ஓஏ79 டயோடு, தனி எர்த். பழைய கிரிஸ்டல் ரேடியோவேதான். கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தை வைத்து அலையைப் பிடிக்கும் முறைக்கு ஜகதீஷ் சந்திர போஸ் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1904இல், அதற்கு மேல் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் இடி இடித்தால் ஆன்டெனாவைக் கழற்றி வெளியிலேயே எர்த்தில் போடுவதற்கு ஒரு கத்தி சுவிட்ச் வைத்தோம்.

பிறகு நடந்தது

கேங்கைத் திருப்பத் திருப்ப ஓரிடத்தில் இயர்போனில் வானொலி கேட்டது, பேட்டரி எதுவும் இல்லாமல். இயர்போனுக்குப் பதில் 10,000 ஓம் ரெசிஸ்டர் வைத்து அளந்ததில் 1 வோல்ட்டை ஒட்டி வந்தது: 100 மைக்ரோவாட். மூவாயிரம் ரூபாய் கிட்டைவிட இருபது மடங்கு, செலவு அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. இரண்டாவதாக ஒரு டயோடு சேர்த்து வோல்ட்டேஜைக் கூட்டி, பேட்டரி எடுத்த ஒரு சின்ன எல்சிடி கடிகாரத்தில் கொடுத்தோம், ஓடியது. இரவில் ஒலிபரப்பு முடிந்ததும் நின்றது. மறுநாள் ஒலிபரப்பு தொடங்கியதும் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓட ஆரம்பித்தது, நேரம் தப்புதான். அடுத்த மாத ஷட்டவுனில் பெரியவர் எனக்கு ஃபோன் செய்து, “கரண்ட் இல்ல தம்பி, கடிகாரம் ஓடுது” என்றார். இது ரேடியோதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்த வகை மின்சாரத்துக்கு நியாயமான இடமும் அதுதான்: கடிகாரம், வெப்பமானி, எப்போதாவது ஒரு அளவை அனுப்பிவிட்டுத் தூங்கும் சென்சார். பல்பு, ஃபேன், ஃபோன் இதெல்லாம் அந்தப் பட்டியலில் கிடையாது.

பில் விஷயம் தனியாகப் போனது. பழைய ஃபேன்களில் மூன்றை பிஎல்டிசி ஃபேனாக மாற்றினார்கள், 75 வாட் இடத்தில் 30 வாட் அளவில் ஆனது. பிறகு மகன் 2024இல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் கூரை சோலாருக்கு விண்ணப்பித்தார், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு நாலு யூனிட் வரை தரும். கிட் விற்றவரிடம் பணம் திரும்பக் கேட்டார்கள், பதில் வரவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

இந்த மாதிரி அழைப்பு வந்தால் இப்போது வரிசை இதுதான். முதலில் ஒயர் எதன் பக்கத்தில் போகிறது என்று ஒரு ஃபோட்டோ அனுப்பச் சொல்வேன், சர்வீஸ் லைனோ டிரான்ஸ்ஃபார்மரோ பக்கத்தில் இருந்தால் சோதனை அப்புறம், இறக்குவது முதலில், அதுவும் லைன்மேன் வந்துதான். அடுத்து டயோடு நம்பர். அதன்பிறகுதான் மீட்டர், அதுவும் குறுக்கே ரெசிஸ்டர் வைத்து. வெறும் வோல்ட் எண்ணை ஃபோட்டோ எடுத்து அனுப்புபவர்களிடம் ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி அனுப்புங்கள் என்கிறேன், விலை ஒரு ரூபாய் கூட இருக்காது. பெரும்பாலானவர்கள் மறுபடி அனுப்புவதில்லை.

ஷட்டவுன் தேதிக்குக் காத்திருக்க முடியாத இடங்களில் ஒரு குறுக்கு வழி உண்டு: போர்டில் உள்ள டயோடை எடுத்துவிட்டு அந்த ஒயரை, மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் 20 மில்லிசெகண்டுக்கு ஓர் அலை தெரியும், அது 50 ஹெர்ட்ஸ், வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் வீட்டுக்காரரை நம்பவைப்பதில் அது ஷட்டவுன் அளவுக்கு எடுபடாது, திரையில் ஓடும் கோடு யாருக்கும் எதையும் சொல்வதில்லை.

பேரனோடு அந்த கிரிஸ்டல் செட் இப்போது பள்ளிக் கண்காட்சிக்குப் போகிறது. கிட் போர்டில் உள்ள கெப்பாசிட்டரைப் பெரியவர் கழற்றி வேறு எதற்கோ வைத்திருக்கிறார், டயோடுகள் என்னிடம்.